பூஜையன்று அணைந்த இன்குபேட்டர்

24.9.2008, புதன்
கடைசியில் ஒரு செல் க்ளோன் நிலைத்துவிட்டது. தட்டில் மற்ற குழிகளெல்லாம் காலை வாரிவிட, 7டி4 மட்டும் உருப்படியாக ஆன்டிபாடி சுரக்கிறது. அந்த ஆன்டிபாடி, புற்றுச் செல்லைத் தேடிக் கொல்லும் இயற்கைக் கொல்லி செல்லின் மேல் இருக்கும் ஒரே ஒரு ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்கிறது. வேறு எதையும் சீண்டுவதில்லை. எங்கள் கும்மிடிப்பூண்டிக் கம்பெனி சொந்தமாக உண்டாக்கிய முதல் சரக்கு. முதலாளி ஆதிகேசவன் சார் உடனே பெங்களூர் ஆராய்ச்சி நிலையத்துக்கு இதைத் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். ரயிலில் கவரைப்பேட்டை வரும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

6.10.2008
திரவ நைட்ரஜன் இன்னும் வரவில்லை. செல்களில் ஒரு பங்கை அதில் உறையவைத்துப் பத்திரப்படுத்தாவிட்டால், இன்குபேட்டர் சூட்டில் வளர்வது போனால் போனதுதான். சாரிடம் மறுபடி கேட்டேன். "பூஜ முடியட்டும் சுகிர்தா, பேஜார் பண்ணாத."

7.10.2008
நாளை ஆயுத பூஜை, மறுநாள் விஜயதசமி. இரண்டு நாளும் எனக்கு லீவு. பூஜைக்குத் துடைக்க வரும் கங்கம்மாக்காவிடம், இன்குபேட்டர் பக்கமே போகாதே என்று சொல்லிவிட்டு வந்தேன்.

10.10.2008, வெள்ளி
போச்சு. எல்லாம் போச்சு.

இன்குபேட்டர் கதவில் சந்தனம், குங்குமம். சுவிட்ச் அணைந்திருக்கிறது. உள்ளே மஞ்சள் தண்ணீரில் துடைத்த ஈரம். தட்டு முழுக்கப் பூசணம்.

கங்கம்மாக்கா அழுதாள். "நான் வேணான்னுதாம்மா சொன்னேன். சாருதான், 'எங்க நைனா பட்டறையில பூஜையன்னிக்கு ஒரு மெஷினும் ஓடாது, இதுக்கும் ரெஸ்டு குடு'ன்னாரு."

லேத்துக்கு ரெஸ்ட் கொடுக்கலாம். உயிரோட இருக்கிறதுக்கு? படிச்ச மனுஷன்தானே — இன்னாத்த சொல்ல!

11.10.2008
சாரிடம் நேராகவே கேட்டேன்.

"அவ சொன்னா நீ நம்பிடுவியா?"

கங்கம்மாக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

3.11.2008
திரவ நைட்ரஜன் வந்தது. எதை வைக்க?

15.12.2008
அமெரிக்காவிலிருந்து ஐஸ் பெட்டி வந்தது. அதே ஏற்பிக்கு வேறு யாரோ செய்த ஆன்டிபாடி. சின்னக் குப்பிகளில் பிரித்து ஊற்றி, நம் லேபிளை ஒட்டச் சொன்னார் சார். "பெங்களூர்க்காரன் நெருக்கறாம்மா. போய் ஒட்டுற எடம் ஒண்ணுதானே, அவனுக்கு இன்னா தெரியப்போவுது?"

மறுத்தால் எனக்கும் கங்கம்மாக்கா போன வழிதான்.

லேபிளில் 7டி4 என்று அச்சடித்திருந்தது. கீழே, தயாரித்தவர்: சுகிர்தா. மாலைக்குள் எல்லாவற்றையும் ஒட்டி முடித்தேன்.