இரண்டு மாநிலத்துக்குக் கணக்கு

உன் கைப்பேசி இன்று காலை அலமாரிக்குள் இருந்து கூவியது. அதற்கு இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறேன். நம் மகள் நித்யா திட்டுகிறாள், திட்டட்டும். வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யச் சொல்லி உனக்குக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது.

நீ பெங்களூரில் வேலை பார்த்த வருடங்களில் ஜூலை வந்தாலே வரிக் கவலை என்னைப் பிடித்துக்கொள்ளும். என் தம்பிதான் காரணம். அமெரிக்காவில் அவனுக்கு ஒரு மாநிலத்தில் வீடு, பக்கத்து மாநிலத்தில் வேலை. இரண்டுக்கும் தனித்தனியாக வரிக் கணக்குக் கொடுப்பவன். "அண்ணிக்குக் கர்நாடகாவுலயும் ஃபைல் பண்ணிட்டியாண்ணா? விட்டா பெனால்ட்டி போட்டுத் தாளிச்சிடுவான்" என்று போனில் சொல்லிவிட்டான். நான் கேம்ப் ரோடு பிரவுசிங் சென்டருக்குப் போய்க் கர்நாடக வருமான வரி ஃபாரம் கேட்டேன். கடைக்காரரும் என்னை நம்பி வெகுநேரம் தேடினார், பாவம்.

சனிக்கிழமை காலை பெருங்களத்தூரில் நீ பெங்களூர் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இதைச் சொன்னேன். ஸ்கூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து சேலையூர் வரை சிரித்துக்கொண்டே வந்தாய். "ஐயோ வாத்தியாரே! நம்ம நாட்டுல வருமான வரி ஒண்ணே ஒண்ணுதான், அது மத்திய அரசுக்கு. கர்நாடகாவுக்குன்னு என் சம்பளத்துல பிடிக்கிறது தொழில் வரி மட்டும். அதையும் ஆபீஸே கட்டிடுது. நீங்க ஒண்ணும் கிழிக்க வேணாம்."

எனக்கு அதுவும் பிடிக்கவில்லை. மழை பெய்தால் நம் தெரு முழங்கால் தண்ணீரில் நிற்கும். உன் தொழில் வரியோ அந்த ஊருக்கு. வரி மட்டுமா? வாரம் முழுக்க நீயே அந்த ஊருக்குத்தான். கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஊர்க்காரியாகவே ஆகிவிடுவாயோ என்று பயந்தேன். வரியைச் சாக்காக வைத்துக்கொண்டு அதைத்தான் புலம்புகிறேன் என்று உனக்குத் தெரியாமல் இல்லை.

அன்று மாலை தம்பி மறுபடி கூப்பிட்டான். அவனிடம் விவரமெல்லாம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாய். "கேட்டீங்களா? வேலை பாக்கிற ஸ்டேட்டுக்கு அங்க சம்பாதிச்சதை மட்டும் காட்டினா போதுமாம். வீடு இருக்கிற ஸ்டேட்டுக்குத்தான் எல்லாத்தையும் காட்டணுமாம். நானும் அப்படித்தாங்க."

காட்டினாயே! மேனேஜர் மேல் இருந்த கோபத்தை நான் துவைத்த சட்டைக் காலர் மேல் காட்டினாய். ஹாஸ்டல் சாம்பாரில் வெல்லம் போட்டவளை நம் சமையலறையில் நின்று சபித்தாய். சுருதி சேராமல் பாடினாய். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி என்னைத் திட்டினாய். வியாதி என்று தெரிந்தபோதும் ஆபீஸில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்து, என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாய்.

உன் வாரிசாக வரித் துறையில் என்னைப் போன மாதமே பதிந்தாயிற்று. இன்று உன் கடைசிக் கணக்கை நித்யாவும் நானும் தாக்கல் செய்துவிட்டோம். தப்பு ஏதும் இல்லை, அவள் சரிபார்த்துவிட்டாள்.

உன்னிடம் சொல்லாத ஒன்று பாக்கி இருக்கிறது. காரியம் முடிந்த மறுநாள் உன் ஆபீஸ் தோழிகள் பெங்களூரில் இருந்து வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேடம் ரொம்ப சாஃப்ட் சார். ஒரு நாள்கூட அவங்க குரல் உசத்தி நாங்க கேட்டதில்ல" என்றாள். நித்யா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். துக்க வீடு என்றும் பாராமல் இருவருக்கும் சிரிப்புப் பீறிட்டு வந்துவிட்டது. வந்தவர்கள் பயந்தே போனார்கள். அப்புறம் எங்களால் அழுகையை நிறுத்த முடியவில்லை.

பாவம், அவர்களுக்கு உன் சத்தம் கிடைக்கவே இல்லை. முழுவதும் எங்களுக்குத்தான் வந்திருக்கிறது. இப்போதும் அடுப்பில் பால் பொங்கி வழிந்தால், "கண்ணு எங்கங்க இருக்கு உங்களுக்கு?" என்று அந்தக் குரல் கேட்கிறது. "இதோ வந்துட்டேம்மா" என்று ஓடுகிறேன்.