ஏசி மெக்கானிக் வீட்டு ஏசி

அன்புள்ள உங்களுக்கு,

நான் சௌக்கியம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறேன். நம் பிள்ளையின் போனிலிருந்து கூப்பிட்டால் எடுக்க மாட்டேன் என்று நீங்கள் வீம்பு பிடிப்பதால்தான் இந்தக் கடிதம். மாடியில் குடியிருக்கும் நர்ஸ் விடுமுறையில் ஊருக்கு வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். அவளை வாசலிலேயே நிறுத்திப் பேசாமல் உட்காரவைத்து ஒரு வாய் காபி கொடுங்கள்.

முதலில் இந்தப் பாலைவன நாட்டு வெயிலைச் சொல்லிவிடுகிறேன். அப்பப்பா! மாடிப்படிக் கைப்பிடியைத் தொட்டால் கை பொத்துப்போகும். குழாயில் வருவது வெந்நீர். வந்த அன்று மதியம் அது தெரியாமல் தலையில் ஊற்றிக்கொண்டு நான் போட்ட கூச்சலில் நர்ஸ் அலறியடித்து ஓடி வந்தாள். விடியற்காலையிலேயே வாளியில் பிடித்து ஆறவிட வேண்டுமாம். இப்போது மகாராணி மாதிரி குளிக்கிறேன். கழுத்தெல்லாம் வேர்க்குரு, செருப்பில்லாமல் வாசலில் கால் வைக்க முடியவில்லை. ஆனாலும் குறை சொல்ல வாய் வரவில்லை. இரண்டாவது துணியைப் பிழிந்து உதறுவதற்குள் முதலாவது காய்ந்துவிடுகிறது. மழைக்காலத்தில் உங்கள் பனியனை விசிறி விசிறி உலர்த்தியவளுக்கு இது வரம் இல்லையா? சாயங்காலம் கொஞ்சம் காற்று வரும். நர்ஸும் நானும் படிக்கட்டில் உட்கார்ந்து அதை வாங்கிக்கொள்வோம்.

பிள்ளை எலும்பும் தோலுமாக இருப்பான் என்று பயந்துகொண்டே வந்தேன். கறுத்திருக்கிறான், அவ்வளவுதான். பெரிய கட்டடங்களின் மொட்டை மாடியில் நின்று ஏசி மெஷின்களைப் பார்க்கும் வேலை. உச்சி வெயிலில் வேலை கூடாதென்று மதியம் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், வெயில் தாழ மறுபடி போக வேண்டும். ஊரையெல்லாம் குளிர வைக்கிறவன் அறையில் ஒரு மின்விசிறிதான் இருந்ததாம். நான் வருகிறேன் என்றதும் யாரோ வேண்டாமென்று ஒதுக்கிய பழைய ஏசியைக் கொண்டுவந்து, பிரித்து மேய்ந்து, ஜன்னலில் பொருத்தியிருக்கிறான். என்னை அந்த அறையில் விட்டுவிட்டு இவன் கூடத்தில் தரையில் பாய் போட்டுப் படுத்தான். அவனுக்கும் குளிரட்டும் என்று நான் கதவைத் திறந்து வைப்பேன். குளிரெல்லாம் வீணாகிறது என்று அவன் எழுந்து வந்து சாத்துவான். இந்தக் கூத்தில் இருவருக்கும் தூக்கம் போனதுதான் மிச்சம். கடைசியில் அதட்டி அவன் பாயை என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட வைத்தேன். எத்தனை வருஷத்துக்குப் பிறகு என் பிள்ளை தூங்குவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன்! இதற்கு முன்னால் வேர்க்குரு ஒரு பொருட்டா?

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. வேலை செய்யும்போது கழற்றிய திருகுகளை உதட்டில் கவ்விக்கொண்டு, எதைக் கேட்டாலும் "ம், ம்" என்றே பதில் சொல்கிறான். உங்கள் ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில் இதற்காகவே நான் உங்களை எத்தனை தடவை திட்டியிருப்பேன். "கடையை விட்டுட்டு வெளிநாடு போறவன் என்னை அப்பான்னு கூப்பிட வேணாம்" என்று அன்றைக்கு நீங்கள் சொன்னீர்கள். அவனும் உங்கள் ரத்தம்தானே, அதையே பிடித்துக்கொண்டான். இன்றுவரை 'அவர்'தான். அவர் சாப்பிட்டாரா, அவர் முட்டிவலி எப்படி இருக்கிறது, கடையில் தனியாகச் சமாளிக்கிறாரா என்று சுவரைப் பார்த்துக்கொண்டு தினமும் கேட்கிறான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஏசி நாலைந்து நாளாகக் கடகடவென்று சத்தம் போடுகிறது. குளிர்ச்சிக்குக் குறைவில்லை, சத்தம்தான். சரிசெய்யச் சொன்னேன். காது வைத்துக் கேட்டான், தட்டிப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"எனக்குப் பிடிபடலம்மா. அவர் ஒரு தடவை கேட்டா சொல்லிடுவார்."

கட்டடம் கட்டடமாக மெஷின் ஓட்டுகிறவனுக்கு இது பிடிபடவில்லையாம்! முன்மூடியை விரலால் அழுத்தினால் சத்தம் நின்றுவிடுகிறது. உங்களோடு குடித்தனம் நடத்திய எனக்கே தெரிகிறது, அங்கே ஒரு திருகு இல்லை. மறுநாள் துவைக்க எடுத்தபோது அது அவன் சட்டைப் பையில் இருந்தது. துவைத்துக் காயவைத்து, திரும்ப அந்தப் பையிலேயே போட்டுவிட்டேன். அவனிடம் மூச்சுவிடவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் போனிலிருந்து கூப்பிடுவேன். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், எடுங்கள். போனை ஏசி பக்கத்தில் பிடிக்கச் சொல்கிறேன். பழைய கதை எதையும் நீங்கள் பேச வேண்டாம், அவனும் பேச மாட்டான். ரிப்பேரை மட்டும் பேசுங்கள். கம்ப்ரசர் எப்படி ஓடுகிறது என்று கேளுங்கள், விசிறியைச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், வேலை தெரியாதவன் என்று நாலு திட்டுங்கள். எங்கே கோளாறு என்று உங்கள் காதுக்கு எடுத்த எடுப்பிலேயே தெரிந்துவிடும். தெரிந்தாலும், தயவுசெய்து, உடனே சொல்லிவிடாதீர்கள்.

என்றும் உங்கள் நலம் வேண்டும்,
உங்கள் வீட்டுக்காரி