ஆறுமணிக்குருவியை முதலில் கண்டவள்

22 அக்டோபர் 1957, செவ்வாய்

காலையில் தோட்டத்து ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்குக் கொழுந்து பறிக்கும் செல்லம்மா பிந்தி வந்தாள். கணக்கப்பிள்ளை என்ற முறையில் காரணம் கேட்டேன்.

"லயத்து வாசல்ல ஒரு குருவி விழுந்து கெடந்துச்சுங்க. முதுகு பச்சை, அடிவயிறு செவப்பு. பூனை தூக்கிருமேன்னு கூடையைக் கவுத்து மூடிட்டு வந்தேன்."

"கதை சொல்லாத. இன்னைக்கு வேலை இல்ல, கூலிக்குப் பேரும் போட மாட்டேன், போ" என்று திருப்பி அனுப்பினேன்.

ஆனால் அவள் சொன்ன நிறம் மனதில் நின்றது. கடல் தாண்டி வரும் ஆறுமணிக்குருவிக்காகத் தோட்டத்துத் துரை ஒவ்வோர் ஐப்பசியும் காத்திருப்பார். பத்து மணிக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். செல்லம்மாவே கூடையைத் தூக்கிக் காட்டினாள். அதேதான். களைப்பில் கண் சொருகிக் கிடந்தது.

துரையிடம் ஓடினேன். "மொதல்ல பாத்தது யாரு?" என்று கேட்டார். "நான்தாங்க" என்றேன். பறவைக் குறிப்பேட்டில் என் பெயரை எழுதிவிட்டுக் கையைக் குலுக்கினார். பதினோரு வருடத்தில் இதுதான் முதல் தடவை.

அந்தியில் செல்லம்மா என் வாசலில் நின்றாள். பேர் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டேன்.

"குருவி பறந்து போயிருச்சுங்க. நீங்க தேடி வந்து பாத்தீங்களே, அதான் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். நாளைக்கு நேரத்தோட வந்துர்றேன்."

"சரி" என்றேன்.