கடை திறக்கும் எண்

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன், கடை என்னைவிட நன்றாக இருக்கிறது, அப்பாவைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போன் அவர் கையைவிட்டு இறங்கினால்தானே, குளிக்கப் போனாலும் சோப்புப் பெட்டி பக்கத்தில் அதுவும் உட்கார்ந்திருக்கிறது.

நீ நல்லதுக்குத்தான் கடையை அந்த ஆப்பில் சேர்த்துவிட்டாய், குறை சொல்லவில்லை. ஆனால் பெயர் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள், ஆப்பசைத்த குரங்கு மாதிரி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஆணியும் குழாயும் பூட்டும் வாங்க இப்போது ஆள் வருவதில்லை, ஆர்டர்தான் வருகிறது. பக்கத்துக் கடைத் தையல்காரர்கூட மிஷின் எண்ணெய்க்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆர்டர் போடுகிறார், அதில் தள்ளுபடியாம். அப்பாவைத்தான் உனக்குத் தெரியுமே, கடைக்கு வந்தவரிடம் ‘இல்லை’ என்ற சொல் அவர் வாயில் வராது, ‘வந்துடும், நாளைக்குப் பாருங்க’ என்பார். ஆப்பில் இருப்பதோ ‘உண்டு’, ‘இல்லை’ என்று இரண்டே பொத்தான். இவர் எல்லாவற்றுக்கும் ‘உண்டு’ என்று அமுக்கிவிட்டு, இல்லாத சாமானுக்குப் பெரிய கடைக்கு ஓடி, வாங்கிய விலைக்கே கொடுத்தனுப்புகிறார். இது வியாபாரமா தர்மமா என்று கேட்டால், ஆப்பில் கடைக்குப் போடும் நட்சத்திரம் குறைந்துவிடும் என்கிறார்.

அப்பா கண்ணில் புரை முற்றிவிட்டது. போன வாரம் வெள்ளைப் பெயிண்ட் கேட்டவருக்கு மஞ்சள் போய்விட்டது. இனியும் தள்ளிப்போட்டால் பார்வைக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆபரேஷன் முடிந்து கொஞ்ச நாள் தூசியும் ஆகாது, போனும் ஆகாது. அப்பாவோ, கடையைச் சாத்தினால் ஆப்புக்காரர்கள் பட்டியலில் கீழே தள்ளிவிடுவார்கள், அப்புறம் நம் கடை யார் கண்ணுக்கும் தெரியாது என்கிறார். கடை கண்ணுக்குத் தெரியவேண்டும் என்று இவர் தன் கண்ணைத் தொலைக்கப் பார்க்கிறார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று போனை வாங்கினேன், அது விடாமல் மணியடிக்க, பதறிப்போய் ஆர்டரை ரத்து செய்துவிட்டேன். வெடுக்கென்று போனைப் பிடுங்கிக்கொண்டார். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு.

நீ உன் நம்பரில் சேர்த்ததால், ஆப்பில் கடை திறக்கும் எண் தினமும் காலையில் உன் போனுக்குத்தான் வருகிறது. அவர் கூப்பிடுகிறார், நீ எண்ணைச் சொல்கிறாய், வைத்துவிடுகிறீர்கள். அப்பாவும் மகளும் இப்போது பேசிக்கொள்வது அவ்வளவுதான். நேற்றுக் கடை பூட்டும்போது சாவித் துவாரம் தெரியாமல் விரலால் தடவிக்கொண்டே, “பிள்ளை என்னைக்காவது நம்பர் தரலைன்னா சாத்திட்டுப் போகவேண்டியதுதான்” என்றார். சலிப்பில் சொல்கிறார் என்று நினைத்தேன். யோசிக்க யோசிக்க, உன்னிடம் கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

அதனால் இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் எண்ணைச் சொல்லாதே. கோபப்படுவார், படட்டும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுவேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். மறந்துவிடாதே, சிக்னல் கிடைக்கவில்லை, எண் வரவில்லை என்று சாக்குச் சொன்னால் காத்திருந்து திரும்பவும் கூப்பிடுவார். முதலில் சாப்பிட்டீர்களா என்று கேள். அப்புறம் அவர் வாயில் வராத அந்தச் சொல்லை, அவருக்காக நீ சொல்லிவிடு.

இப்படிக்கு,
கல்லாப் பக்கத்து ஸ்டூலிலிருந்து,
உன் அம்மா