ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. எனக்குக் காய்ச்சல், சளி ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். போனில் நீ "அப்புறம்?" என்று கேட்டதுமே எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

அம்மா போன பிறகு சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி, வானத்தையாவது பாருங்கள் என்றாய். உன் நிபந்தனை ஒன்றுதான்: மொட்டை மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அம்மா அங்கே விழுந்த நாளிலிருந்து மாடிக் கதவை நான் திறக்கவில்லை என்பது உனக்குத் தெரியும்.

மற்றதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். நூலகத்திலிருந்து மூன்று புத்தகங்கள் எடுத்து வந்து குறிப்பெடுத்தேன். டெலஸ்கோப்பா, பைனாகுலரா என்று ஐந்து வாரம் யோசித்தேன். "எனக்கு மாப்பிள்ளை பாத்தப்பகூட இவ்ளோ யோசிக்கலியேப்பா" என்று நீ சிரித்தாய்.

கடைக்காரர் நல்ல மனிதர். பெரிய டெலஸ்கோப்பாகப் பார்த்துத் தலையில் கட்டிவிடுவார் என்று பயந்துகொண்டேதான் போனேன். அவரோ, "மொதல்ல பைனாகுலர் போதும் சார். மேல எது எங்க இருக்குன்னு கண்ணு பழகட்டும், அப்புறம் குழாயத் தூக்கலாம்" என்றார். பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவதைப் பிடித்துப் பார்த்தேன். எதிர்க்கடைப் பெயர்ப்பலகை ஆடியது. கை நடுக்கத்தையும் அது பத்து மடங்காக்கிவிடும் போலிருக்கிறது. ஏழு மடங்கை வாங்கிக்கொண்டேன். முன்கண்ணாடி ஐம்பது மில்லிமீட்டர் அகலம். மங்கலான நட்சத்திரமும் தெரியுமாம். சரியானதைத்தான் வாங்கினேனா என்று இன்னும் சந்தேகம்.

அன்று சாயங்காலமே படுக்கையறையிலிருந்து வியாழனைப் பார்த்தேன். இரண்டு வியாழன் தெரிந்தன, இரண்டுக்கும் வால். கண்ணில் கோளாறு என்று கண் டாக்டரிடம் போனேன். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். பிறகு, பொருளைத் திருப்பிக் கொடுக்க நேற்று கடைக்குப் போனேன். எங்கிருந்து பார்த்தீர்கள் என்று கடைக்காரர் கேட்டார். மூடிய ஜன்னல் வழியாக என்றேன். "பக்கத்து வீட்டுச் சண்டையா சார் பாக்குறீங்க, ஜன்னலுக்குப் பின்னால ஒளிஞ்சுகிட்டு? ஜன்னல் கண்ணாடி சும்மா விடுமா, எல்லாத்தையும் இழுத்துக் காட்டும். வீட்ல மாடி இல்லையா?" என்றார்.

இல்லை என்று சொல்லிவிட்டேன்.

இந்த வயதில் ஒரு கடைக்காரரிடம் பொய். வீடு திரும்பும்போது, உன்னிடம் சொன்ன பொய் நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்தது என்று எழுதுவதும் சரியில்லை. அது மறந்ததே இல்லை.

அன்று அம்மா துணி எடுக்க மேலே போனாள். நான் கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. வாளி என்று நினைத்தேன். "என்னத்த உருட்டுற?" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டேன். பதில் இல்லை. படித்த கட்டுரை பாதியில் நின்றது. அதை முடித்தேன். அடுத்த பக்கத்தையும் படித்தேன். அதன் பிறகுதான் போனேன். "எவ்ளோ நேரம்ப்பா அப்படியே கெடந்தாங்க?" என்று நீ கேட்டபோது, சத்தம் கேட்டதும் ஓடினேன் என்றேன். உண்மையில் இருபது நிமிடமாவது இருக்கும். அம்மாவைப் பார்த்த டாக்டரிடமும் உடனே போனதாகத்தான் சொன்னேன். அதனால், உடனே பார்த்தும் பயனில்லாமல் போயிற்று என்று அவர் சொன்ன ஆறுதல் எனக்குச் சேராது.

இதை எழுதும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கையெழுத்துகூட நேராகத்தான் இருக்கிறது, பார்.

அடுத்த மாதம் பத்து நாள் விடுப்பில் வருகிறேன் என்றாய். இதைப் படித்த பிறகு வர மனமில்லை என்றால் காரணம் எதுவும் சொல்ல வேண்டாம், வரவில்லை என்று மட்டும் சொல். நான் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வருவதானால், மாடிக் கதவை நீ திற, நீ முன்னால் போ. எங்கே நிற்கலாம் என்று நீ சொல்கிறாயோ, அங்கே நான் நின்றுகொள்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, மகளே. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா