பாப்பாயி தேய்த்த தவலை

அன்புள்ள அம்மாவுக்கு, டர்பனிலிருந்து சுபஸ்ரீ வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? கொள்ளிடக்கரை வரை இப்போதும் நடக்கிறீர்களா? நான் நலம்.

இங்கே பழைய துறைமுகச் சுங்கப் பதிவேடுகளைப் படமெடுக்கிறேன் அல்லவா? நேற்று 1893-ஆம் வருடப் பக்கத்தில் நம்மூர்க்காரி ஒருத்தி அகப்பட்டாள். திருச்சிராப்பள்ளி பாப்பாயி. வீட்டில் புழங்கிய பாத்திரத்துக்குத் தீர்வை இல்லை. இவளோ கப்பல் ஏறுமுன் பித்தளைத் தவலையைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்திருக்கிறாள். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்! அதிகாரி அதைப் புதிது என்று எழுதி, தீர்வை கட்டும்வரை பிடித்து வைத்துவிட்டார்.

"என் பேரு வெட்டியிருக்கு, பாருங்க" என்று பாப்பாயி சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் அதிகாரியின் குறிப்பு இப்படி இருக்கிறது: "பெயரை நேற்றுகூட வெட்டியிருக்கலாம்."

தவலை அவளுக்குக் கிடைத்ததா? அடுத்த பக்கத்தைப் பூச்சி அரித்துவிட்டது. மற்ற பதிவேடுகளில் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

அம்மா, அடுத்த மாதம் ஊரிலிருந்து இங்கே வரும் என் தோழி ஜென்சியிடம் என் தோசைக்கல்லைக் கொடுத்தனுப்புங்கள். இங்கே வாங்கிய கல்லில் தோசை ஒட்டுகிறது. என் ஒருத்திக்காக மட்டும் சுடுவதால் பழகவும் மாட்டேன் என்கிறது.

பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன். கல்லை மட்டும் தேய்த்துவிடாதீர்கள். நம் வீட்டுக் கரியோடு வரட்டும்.

சுபஸ்ரீ