பிரிக்காத மடிப்பு

பாறசாலை
2-5-2024

விஜி,

வயிற்றை வெட்டிச் சுருக்கும் ஆபரேஷனுக்கு நேற்று திருவனந்தபுரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இந்த மாதம் பதினாறாம் தேதி. ஃபோனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய். அதனால் பதினெட்டு வருஷமாக நாம் செய்கிறபடி, துணி மூட்டைக்குள் எழுதி வைத்து சுந்தரதாஸின் ஆட்டோவில் திருப்புறத்துக்கு ஏற்றிவிடுகிறேன். நைட்டித் துணிப் பிட்டுகளை எண்ணுவதற்கு முன் இதைப் படி.

நூற்று இருபத்தொரு கிலோ. ரெண்டு நேரமும் சர்க்கரைக்கு ஊசி. கடையின் மேல் அலமாரியில் ஒரு கட்டு எடுக்க ஏணியில் ரெண்டு படி ஏறினால் மூச்சு நின்று வருகிறது. வயிற்றில் முக்கால் பங்கை எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு நேந்திர ஏத்தம்பழக் கனத்துக்குக் குழாய் மாதிரி அடைத்துவிடுவார்களாம். தையலா என்று கேட்டேன். ஸ்டேப்ளர் என்றார் டாக்டர். "ஓரம் பிரியாமல் இருக்க ஓவர்லாக் உண்டா டாக்டரே?" என்றேன். மனுஷர் பேனாவைக் கீழே வைத்துச் சிரித்தார்.

என் மைனி, அண்ணன் பெண்டாட்டி, சொன்னாளாம், "வாயைக் கட்டத் தெரியாதவ வயிற்றைக் கட்டப் போறா" என்று. வாயை எத்தனை தடவை கட்டினேன் என்று உனக்குத் தெரியும். குறைந்தது அஞ்சு கிலோ, கூடியது எட்டு. நஷ்டம் வருகிற வியாபாரத்தை நான் ஒருபோதும் ரெண்டாம் வருஷத்துக்கு இழுத்ததில்லை.

யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. உன்னிடமும் கேட்கவில்லை. ஆனால் முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன்.

உன்
பாமா

திருப்புறம்
4-5-2024

ஏட்டி பாமா,

படிச்சேன். பிட்டு ரெண்டு குறைவு உண்டு, அதை முதலில் பாரு.

நெய்யாற்றின்கரை கடையில நம்ம ரெண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்துட்டு, "உங்க சைஸுக்குப் பந்தல்காரன்கிட்ட கேளுங்க" என்று ஒருத்தன் சொன்னது மறந்துபோச்சா? என் கையைப் பிடிச்சு வெளியே இழுத்துட்டு வந்து, "நாமளே தைப்போம் விஜி, நம்மள மாதிரி எத்தனை பேரு உண்டு" என்று சொன்னது யாரு? அந்த வாயாக்கும் இப்போ இதைச் சொல்லுது.

ஒவ்வொரு ஓணத்துக்கும் நீ உடுத்திருக்கிற நைட்டியைக் கழற்றி மூட்டையில அனுப்புவே. அதைத் துணிமேல விரிச்சு நான் வெட்டுவேன். அளவு அட்டை கிடையாது, டேப்பு கிடையாது. அதாக்கும் நம்ம பெரிய அளவு. வெட்டு முடிஞ்ச ஞாயிற்றுக்கிழமை நீ இங்க வருவே, மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் கறியும் திம்போம். உன் உடம்பு மேலயாக்கும் இந்தக் கடை நிக்குது. இப்போ அதே உடம்பை நோயின்னு சொல்லி வெட்டப் போறே.

நான் நூற்றுப் பதினெட்டு. அப்போ நான் யாரு?

ஊரு சிரிச்சப்போ ரெண்டு பேரா நின்னோம். இனி நீ அந்தப் பக்கம் போய் நில்லு. ஆஸ்பத்திரிக்கு நான் வரமாட்டேன்.

விஜயம்மா

பாறசாலை
14-5-2024

விஜி,

குறைந்த ரெண்டு பிட்டும் இந்த மூட்டையில் இருக்கிறது.

இன்றோடு பன்னிரண்டு நாள் சோறு கிடையாது. மோர், தெளிந்த சூப்பு, சாக்பீஸைக் கரைத்த மாதிரி ஒரு பவுடர். ஈரல் சுருங்கினால்தான் டாக்டருக்கு வயிறு தெரியுமாம். நேற்று ஒரு கல்யாணத்துக்குப் போனேன். போளியும் பாயசமும் விளம்புகிறான், நான் குப்பித் தண்ணீரோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒருத்தி வந்து, "இந்த வயசில் அழகாகி யாருக்குக் காட்டப் போற?" என்றாள். "கண்ணாடிக்கு" என்றேன். அவள் இலையில் இருந்த ரெண்டாவது போளியைத்தான் நான் பார்த்தேன், அது உண்மை.

நீ யார் என்று கேட்டாய். நீ விஜி. என் வயிற்றைப் பற்றித்தான் நான் முடிவு எடுத்தேன், உன் வயிற்றைப் பற்றி ஒரு வரி எழுதினேனா? எனக்குக் கோபம் உண்டு. பயமும் உண்டு, அதை வீட்டில் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோவார்கள். நீ வந்தாலும் போவேன், வராவிட்டாலும் போவேன். வந்தால் நல்லது.

பாமா

பாறசாலை
12-6-2024

விஜி,

நீ வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலை மூன்று நாள் பார்த்தேன், அதோடு விட்டுவிட்டேன்.

வயிற்றில் அஞ்சு ஓட்டை, எல்லாம் பித்தான் ஓட்டை அளவுதான். அன்றைக்குச் சாயங்காலமே எழுப்பி நடக்கவிட்டார்கள். மருந்து மூடியளவு தண்ணீரைக் கால் மணி நேரம் குடிக்க வேண்டும். வேகமாகக் குடித்தால் நெஞ்சில் கல் வைத்த மாதிரி. இப்போது குழைத்த கஞ்சியும், மசித்த மீனும், நாலு ஸ்பூன். அஞ்சாவது ஸ்பூனை ஆசையில் எடுத்தேன், அப்படியே வெளியே வந்தது. சர்க்கரை ஊசியை நிறுத்திவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக இன்னும் ரெண்டு தடவை வெட்டுப்படுவேன்.

அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன். என் மகள் ஸ்மிதா சாளை பொரித்த வாசனைக்கு அழுதேன். வலிக்கு அழவில்லை.

நாலு மூட்டை வந்துவிட்டது, ஒன்றிலும் உன் எழுத்து இல்லை. நைட்டியை மட்டும் எண்ணி எடுக்கிறேன்.

பாமா

திருப்புறம்
10-7-2024

முதலாளி அவர்களுக்கு,

ஓண வெட்டு தொடங்கணும். வழக்கம்போல அளவு அனுப்பவும். முன்னூறு பீஸ்.

நெய்யாற்றின்கரையில் ஜெயச்சந்திரன் புதுக் கடை போடுகிறார். என் ஆறு மெஷினையும் அவருக்குத் தைக்கக் கேட்டிருக்கிறார். ஓணம் கழிந்ததும் நான் அங்கே போறேன். இப்போதே சொல்லிவிட்டேன், பிறகு சொல்லல்லை என்று வேண்டாம்.

விஜயம்மா

பாறசாலை
28-8-2024

விஜயம்மா,

ஓண நைட்டி ஒன்றும் பெரிய உடம்புக்காரிகளுக்குப் பாதி உடம்பைத் தாண்டவில்லை. நெய்யாற்றின்கரை ஜெஸ்னா டீச்சர் இன்றைக்கு நாலு எடுக்க வந்தார். நம்முடைய முதல் ஓணத்திலிருந்து வருகிறவர். உடுத்திப் பார்க்கிற அறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. தோளில் மாட்டி, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றிருக்கிறார். நானும் ஸ்மிதாவும் கத்தரியால் வெட்டி எடுத்தோம். லேபிளில் பெரிய அளவு என்றுதான் இருக்கிறது.

டீச்சர் கோபப்படவில்லை. புடவையைச் சரிசெய்துகொண்டு, "நீங்க மெலிஞ்சீங்க, நல்லது பாமா. ஆனா எங்களை விட்டுட்டீங்க" என்றார். அந்தப் பந்தல்காரன் பேச்சு கேட்டபோது கூட எனக்கு முகம் இப்படி எரியவில்லை.

அப்புறம்தான் ஸ்மிதாவிடம் கேட்டேன். ஜூலையில் நீ அளவு கேட்டபோது, வழக்கம்போல நான் உடுத்திருந்ததையே மூட்டையில் வைத்து அனுப்பியிருக்கிறாள். நான் பத்தொன்பது கிலோ குறைந்து, ரெண்டு பக்கமும் பிடித்துத் தைத்துப் போட்டிருந்த நைட்டி அது. அவளுக்குத் தெரியாது, விடு. நாற்பது வருஷமாகக் கத்தரி பிடிக்கிற கை உன்னுடையது. உனக்குமா தெரியவில்லை?

எனக்குப் பதில் வேண்டும்.

சத்யபாமா

திருப்புறம்
29-8-2024

பாமா,

தெரிஞ்சுது.

மூட்டையைப் பிரிச்சதுமே தெரிஞ்சுது. ரெண்டு பக்கமும் மூணு விரல் மடிப்பு. நீ கையால தைச்சிருக்கே, கோணலா, எப்பவும்போல. நூலை இழுத்தா பழைய அளவு உள்ளே இருக்கு. நான் இழுக்கல்லை. அனுப்பினது அளவு, வெட்டுறது என் வேலை என்று கத்தரியை வெச்சேன். முன்னூறையும் வெட்டினேன். ஒவ்வொண்ணும் வெட்டறப்போ, நீ எவ்வளவு போயிட்டே என்று துணியில தெரிஞ்சுது. உன்னை நேரில பார்க்காம, உன் மெலிவை அப்படித்தான் பார்த்தேன்.

டீச்சர் மாட்டிக்கிட்டதுக்கு நான் காரணம். உன்னைக் குத்தணும் என்று எடுத்தது அவங்க தோளில போய்க் குத்திச்சு.

இன்னிக்குக் காலையில அந்த மடிப்பைப் பிரிச்சேன். விரிச்சு வைச்சுப் பார்த்தேன், பிறகு உடுத்திப் பார்த்தேன். எனக்குச் சரியா இருக்கு, இடது கைக்குழி மட்டும் அரை விரல் பிடிக்குது. இருநூறு பீஸுக்குத் துணி கிடக்கு. தையல்காரிகளை உட்கார வெச்சாச்சு. இனி பெரிய அளவு என் உடம்பு.

ஆனா கேளு. என் உடம்பில அளவு எடுத்தா நான் கூலிக்காரி இல்லை. பதினெட்டு வருஷம் பீஸுக்கு இவ்வளவு என்று வாங்கினேன், வாய் திறக்கல்லை. இனி பங்கு வேணும். லேபிளில என் பேரு வேணும். வெட்டிக்கோ, குறைச்சுக்கோ என்று ஒருநாளும் என்கிட்ட சொல்லப்படாது. நான் இப்படியேதான் இருப்பேன், இது என் தீர்மானம், உன்னோடது உன் தீர்மானமா இருந்த மாதிரி. முடியாதுன்னா ஜெயச்சந்திரன் இருக்காரு.

விஜி

பாறசாலை
30-8-2024

விஜி,

உன் கடிதத்தைக் கடையில் ஆள் நிற்கும்போதே படித்தேன். ஒருத்திக்கு மீதிச் சில்லறையைக் கூட்டிக் கொடுத்துவிட்டேன், அவள் திரும்பி வரவில்லை.

முதலில் முன்னூறு. லேபிளைப் பிரித்து நடு அளவு என்று மாற்றுகிறோம். சின்ன உடம்புக்காரிகளுக்கும் ஓணம் உண்டுதானே. டீச்சர் வீட்டுக்கு நான் நேரில் போனேன். உன் உடம்பில் அளவெடுத்த முதல் நாலும் அவருக்கு. பிழை யாருடையது என்று கேட்டார். ரெண்டு பேருடையதும் என்றேன். நீ மடிப்பைப் பிரிக்கவில்லை, நான் மடித்துத் தைத்ததைச் சொல்லவில்லை.

என் தலைமுடி கொத்துக் கொத்தாகப் போகிறது, டாக்டர் வளரும் என்கிறார். முகம் வற்றிப்போயிற்று. உனக்கு நோயா என்று கேட்கிறார்கள். முன்னே குண்டு என்று சிரித்ததும் இதே வாய்கள்தான். இந்தப் பக்கத்தில் தனியாக ஒரு கூட்டம் நிற்கும் என்று நினைத்தாயே, இங்கே ஒருத்தரும் இல்லை விஜி. நான் மட்டும்தான் நிற்கிறேன். ஆனால் நிற்கிறேன், மூச்சு வாங்காமல். நேற்று ஏணியில் ஆறு படி ஏறினேன்.

லேபிளில் உன் பேர் போடச் சொல்லிவிட்டேன். "விஜயம்மா பெரிய அளவு." உன் எடையை ஒருநாளும் கேட்கமாட்டேன். அப்படியே, நீ என் தட்டைப் பார்த்துப் பரிதாபப்படக் கூடாது. வெட்டு முடிந்த ஞாயிற்றுக்கிழமை வாறேன், மரச்சீனியும் சாளைக்கறியும் வை. நான் நாலு ஸ்பூன் தின்பேன், மிச்சம் உனக்கு. ஜெயச்சந்திரனிடம் இன்றைக்கே சொல்லிவிடு, ஒரு மெஷின் கூட வராது என்று.

பங்கு எவ்வளவு என்று நீ எழுதவில்லை. கெட்டிக்காரி, என் வாயால் வரட்டும் என்று விட்டிருக்கிறாய். மூன்றில் ஒன்று என்று எழுதினேன், அடித்தேன். இந்த ஓணம் முதல் பீஸ் கூலி கிடையாது. பெரிய அளவில் விற்கிற ஒவ்வொரு நைட்டியிலும், துணிச்செலவும் தையல்காரிகள் கூலியும் போக நிற்பதில் பாதி எனக்கு, பாதி உனக்கு.

பாமா